பெர்ம் நகரில் ஆலைகளைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

கேள்வியைப் பார்த்தால், ரஷ்யாவின் பெர்ம் நகரில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்து, போவதா வேண்டாமா என்று தயங்குகிறீர்கள் என ஊகிக்கிறேன். "பழைய சோவியத் ஆலை நகரம்தானே" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று தைக்கும். அங்கே ஆறாண்டுகள் படித்த நானும் முதல் இரண்டாண்டுகள் அதையேதான் சொல்லித் திரிந்தேன்.

மூன்றாம் ஆண்டில் எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்த பாட்டி, மோத்தோவிலிகா பீரங்கி ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு சனவரி மாலை, சாய்கோவ்ஸ்கியின் பெயர் தாங்கிய ஓபரா, பாலே அரங்குக்கு என்னை அழைத்துச் சென்றார். பனிக் காலணியோடு உள்ளே நுழையப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தி, துணிப்பையிலிருந்து அரங்கினுள் அணியும் காலணிகளைத் தமக்கு ஒரு சோடியும், எனக்கென்று மறைந்த கணவருடைய சோடியும் எடுத்தார். அது என் காலுக்கு இரண்டு அளவு பெரியது. ஆலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அன்றுவரை பேச்சை மாற்றிவிடும் அவர், இடைவேளையில் எந்த நடனமணி நகரின் பாலே பள்ளியில் எந்த ஆண்டு தேறியவர் என்று ஒப்பித்தார்.

இந்தப் பற்றுக்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். 1941இல் லெனின்கிராதின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கீரோவ் ஓபரா, பாலே அரங்கம் குழுவோடு இங்கே இடம்பெயர்ந்து, 1944 வரை தங்கியது. அப்போது நகரின் பெயர் மொலத்தோவ். சோவியத் இசையமைப்பாளர் கச்சதூரியானின் 'கயானே' பாலே, அதாவது மெட்டைக் கேட்டால் உங்களுக்கே தெரிந்திருக்கக்கூடிய அந்த 'வாள் நடனம்' இடம்பெறும் படைப்பு, 1942 டிசம்பரில் இந்த மேடையில்தான் அரங்கேறியது. அவர்கள் வந்து போனதன் தொடர்ச்சியாக 1945இல் பாலே பள்ளி தொடங்கியது. அதில் பயின்ற நதேஷ்தா பாவ்லோவா 1973இல் மாஸ்கோ சர்வதேச பாலே போட்டியின் உச்சப் பரிசை வென்றார். பாட்டிக்கு அரங்கின் நுழைவுச் சீட்டுகள் ஆலைத் தொழிற்சங்கம் வழியாகவே கிடைத்தனவாம். வெண்ணெய்க்குத்தான் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது என்றும் அவரே சொன்னார்.

சோவியத் ஆட்சிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பீரங்கிகளின் பொருட்டு அயல்நாட்டவருக்கு மூடப்பட்டிருந்த நகரம் அது. 1985இல் உக்ரைனியக் கவிஞர் வசீல் ஸ்தூஸ் உயிரிழந்த பெர்ம்-36 சிறைமுகாமும் அதே மாநிலத்தில்தான் இருந்தது. ஆனால் கேட்கப்பட்டது, ஆலைகளைத் தவிர அங்கே என்ன இருக்கிறது என்பது.

போவதாக முடிவெடுத்தால், அளவான காலணி ஒரு சோடியைத் துணிப்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு கைதட்ட எழுந்தபோது ஒரு காலணி கழன்று முன்வரிசைக்கு அடியில் போய்விட்டது எனக்கு.