வெள்ளை அணுக்கள் சரியாக இருந்தும் அப்பாவுக்கு ஏன் நிமோனியா முற்றியது?

அப்பாவுக்கு 74 வயது, நிமோனியா முற்றிவிட்டது, ஆனால் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் நார்மல். பிறகு ஏன் கிருமியை எதிர்க்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் இதே கேள்வியோடு வருபவர்களை நானும் பார்க்கிறேன். ‘டோட்டல் கவுண்ட்’ என்பது ரத்தத்தில் எத்தனை அணுக்கள் ஓடுகின்றன என்பதை மட்டும்தான் சொல்லும். அவை நுரையீரலுக்குப் போய்ச் சேர்கின்றனவா என்பது அதில் தெரியாது. வயதானால் இந்தப் போக்குவரத்தும் கெடக்கூடும்.

ரத்த அணுக்களுக்கு நிறமூட்டும் லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்லைடில், கிருமியைத் தாக்க முதலில் ஓடும் வெள்ளை அணுவான ஒரு நியூட்ரோஃபிலைப் பார்த்து, இது 25 வயதுக்காரருடையதா, 75 வயதுக்காரருடையதா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டிலும் அதே ஊதா நிற உட்கரு, மூன்று நான்கு மடல்கள். நகரவிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் சேப்பி குழுவினர் 2014-ல் இதைக் காட்டினார்கள். முதியவர்களின் நியூட்ரோஃபில்களுக்கு வேகம் குறையவில்லை, திசைதான் தப்புகிறது. கிருமி இருக்கும் பக்கத்திலிருந்து ரசாயன அழைப்பு வந்தும் நேராகப் போகாமல் அலைகின்றன. வெறுமனே அலைந்தாலாவது பரவாயில்லை. திசுவுக்குள் வழி உண்டாக்க அவை விடும் எலாஸ்டேஸ் என்ற நொதி, போகிற இடமெல்லாம் நல்ல திசுவையும் அரித்துவிடும். செல்லுக்குள் பிஐ3கே என்ற சமிக்ஞைப் பாதை ஓயாமல் முடுக்கத்திலேயே இருப்பதுதான் இதற்குக் காரணம். ஆய்வகத்தில் அதைத் தடுத்ததும் திசை பிடிக்கும் திறன் திரும்பியது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது: அந்தச் செல் செத்துத் தேய்ந்துவிடவில்லை, சரிசெய்யக்கூடியதாகவே இருக்கிறது.

சில சமயம் பிசகு செல்லிடம் இல்லாமல், அது போய்ச் சேரவேண்டிய ஊரிடமே, அதாவது திசுவிடமே இருக்கும். லண்டனில் ஆர்ன் அக்பர் குழுவினர் முதியவர்களின் தோலில் கேண்டிடா பூஞ்சையின் ஆன்டிஜெனை (நோயெதிர்ப்புச் செல்கள் அடையாளம் காணும் பொருளை) செலுத்திப் பார்த்தார்கள். குறிப்பிட்ட கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்கள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் தோலில் இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் செல்கள்) டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதத்தைப் போதுமான அளவு சுரக்கவில்லை. அது இல்லாமல் ரத்தக்குழாயின் உட்சுவரில் செல்லைப் பிடித்து நிறுத்தும் மூலக்கூறுகள் சரிவர முளைப்பதில்லை. ஸ்டாப்பிங் இல்லாத ஊரைக் கடக்கும் எக்ஸ்பிரஸ் ரயில்போல டி செல் போய்விடுகிறது.

இன்னொன்று, லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் வயதான எலிகளில் கண்டது. காயத்தை நோக்கி ரத்தக்குழாயைத் தாண்டத் தொடங்கிய நியூட்ரோஃபில்களில் சில, மறுபடி ரத்தத்துக்கே திரும்பி, நுரையீரலில் போய்த் தங்கி அங்கே சேதம் செய்தன. அடிபட்டது ஓரிடம், பாதிப்பு வேறோர் உறுப்பில். டி செல்கள் முதிரும் இடமான, நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பி சுருங்கிப் புதிய டி செல்கள் குறைவது தனிக்கதை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அப்பா தேறியதும், டாக்டர் அனுமதித்தால், நடக்க வையுங்கள். நிறைய நடமாடும் முதியவர்களின் நியூட்ரோஃபில்கள் மற்றவர்களுடையதைவிட நன்றாகத் திசை பிடித்ததாக பர்மிங்ஹாமிலேயே 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. நிமோகாக்கல் (நிமோனியா உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது), ஃப்ளூ தடுப்பூசிகள் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், அடுத்த முறை காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் நுரையீரலில் தொற்று இருந்தும் உடம்பு சுடாமல் இருக்கலாம். திடீரென்று பேச்சு குழம்பினாலோ, சாப்பாடு இறங்காமல் சோர்ந்து படுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.