மாமாவின் வலைப்பக்கம் டார்க் வெப்பில் இல்லை

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் தாய்மாமா வங்கியில் வேலை பார்த்தவர். நீளமாக முடி வளர்த்து கிதார் வாசிப்பார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1998-ல் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைப்பக்கத் தளத்தில் ராக் இசைக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தார். தமிழ்க் கவிதைகளும் அதில் உண்டு என்பார். மூன்று வருடத்துக்கு முன்பு காலமாகிவிட்டார். அவர் டைரியில் 'ஜியோசிட்டீஸ், ஸன்செட்ஸ்ட்ரிப், டவர்ஸ்' என்று ஒரு முகவரியும் நாலு இலக்க எண்ணும் இருக்கின்றன. கூகுளில் தேடினால் ஒன்றும் வரவில்லை. கணினிக் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோடில் ஒருவர், அது டார்க் வெப்பில் கிடக்கிறது, எடுத்துத் தர 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாமாவின் பழைய ஹார்ட் டிஸ்க், யாஹூ பாஸ்வேர்டு, என் ஆதார் நகல் எல்லாம் கேட்கிறார். கொடுக்கலாமா? மாமா ஏதாவது தப்பான இடத்தில் பழகினாரோ என்று அம்மாவுக்கு வேறு பயம். அவர் சுற்றிய அந்த உலகத்தை நான் பார்க்க முடியுமா?"

கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம். டார்க் வெப் என்பது சாதாரண பிரௌசரில் திறக்காத, மறைந்து இயங்கும் இணையப் பகுதி. அதில் நுழையப் பயன்படும் டார் மென்பொருளே 2002-ல்தான் வெளிவந்தது. 1998-ல் எல்லோர் பார்வைக்கும் வைத்த பக்கம் அங்கே போய் ஒளிந்துகொள்ள வழியில்லை. அந்த ஆள் செய்யப்போவது, உங்கள் டைரியில் உள்ள முகவரியை ஓர் இலவச இணையதளத்தில் தட்டுவது. ஐந்து நிமிட வேலை. அதற்கு ஆதார் எதற்கு, பாஸ்வேர்டு எதற்கு? இந்த மாதிரி ஆட்கள் என்னிடம் வருகிறவர்களில் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. துக்கத்தில் இருக்கிற வீடு எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

யாஹூ பாஸ்வேர்டால் பயனும் இல்லை. யாஹூவின் விதிப்படி கணக்கு உரியவரோடு முடிந்துவிடும், வாரிசுக்கு மாறாது. அதோடு, ஜியோசிட்டீஸ் என்ற ஊரையே யாஹூ 2009 அக்டோபர் 26 அன்று இழுத்து மூடிவிட்டது. 1999-ல் கோடி கோடியாகக் கொட்டி வாங்கிய நிறுவனம், பத்து வருடம் ஜனங்கள் உட்கார்ந்து கட்டியதைச் சில மாத நோட்டீஸில் அழித்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கூகுளில் வராததற்குக் காரணமும் இதுதான். உயிரோடு இருக்கும் பக்கங்களைத்தான் அது காட்டும்.

இரண்டு இடங்கள் காப்பாற்றின. சான் ஃப்ரான்சிஸ்கோவில் உள்ள இன்டர்நெட் ஆர்கைவ் 1996 முதலே வலைப்பக்கங்களைப் படியெடுத்து வைக்கிறது. அதன் தேடும் வாசலுக்கு வேபேக் மெஷின் என்று பெயர். அப்புறம், ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம். மூடுவதற்குள் இரவு பகலாக ஜியோசிட்டீஸை இறக்கி, 2010-ல் சுமார் 650 ஜிபி-யை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வேபேக் மெஷினில் மாமாவின் முகவரியை டைரியில் இருப்பதுபோலவே முழுதாக இடுங்கள். அவர் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். அந்தப் பெட்டியில் முகவரிதான் உதவும், பக்கத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அது தேடாது. மேலே வருடப் பட்டை வரும், கீழே காலண்டர். 2009-க்கு முந்தைய வருடத்தில் வட்டமிட்ட தேதி ஒன்றைத் தொடுங்கள். படங்கள் வராவிட்டால் வேறு தேதியைப் பாருங்கள். ஒரு நாள் விட்டதை இன்னொரு நாள் பிடித்திருக்கும். முகவரியின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தால், அந்த முகவரியின்கீழ் சேமித்த எல்லாக் கோப்புகளும் பட்டியலாக வரும். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை மெதுவாகப் பாருங்கள்.

இப்போது தமிழ்க் கவிதைகள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி ஆள் இரண்டாவது முறை பணம் கேட்பது இங்கேதான். பக்கத்தைத் திறந்தால் கவிதை இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். "கோப்பு கெட்டுப்போச்சு, ரிப்பேர் பண்ண எட்டாயிரம்" என்பார். கெடவில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவாக எண் கொடுக்கும் யூனிகோடு முறை அந்தக் காலத்தில் தமிழுக்குப் புழக்கத்தில் இல்லை. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து ஃபான்ட் செய்தார்கள். மயிலை அப்படி ஒன்று. அப்புறம் டிஸ்கி என்ற குறிமுறை, அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் முறை, வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற அரசுத் தரங்களும் வந்தன. ஆளுக்கொரு முறை. கணினியில் இருப்பது வெறும் இலக்கங்கள், அந்தந்த ஃபான்ட் போட்டால்தான் அது 'அம்மா' என்று தெரியும். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பெரும்பாலும் 'இந்த ஃபான்டை இறக்கிக்கொள்ளவும்' என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பெயரை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு என்எச்எம் கன்வர்ட்டரிலோ, சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ வரிகளை ஒட்டி, அந்தக் குறிமுறையைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடில் கவிதை வந்து நிற்கும். பெயர் தெரியவில்லையா? ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், எண்ணிக்கை அதிகமில்லை. ஓர் எச்சரிக்கை: எழுத்துகளுக்கு நடுவே கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரக்கட்டம் தெரிந்தால் அங்கிருந்து நகலெடுக்காதீர்கள், அந்த எழுத்து நகலில் தொலைந்துவிடும். பக்கத்தைக் கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பை என்எச்எம் கன்வர்ட்டரில் கொடுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். ஜியோசிட்டீஸ் பேட்டைகளாகப் பிரிந்திருந்தது. ஸன்செட்ஸ்ட்ரிப் இசைக்காரர்கள் பேட்டை, டவர்ஸ் அதில் ஒரு தெரு, நாலு இலக்கம் வீட்டு எண். ஏரியா 51 அறிவியல் புனைவுக்கு, சோஹோ ஓவியத்துக்கும் எழுத்துக்கும், வெஸ்ட் ஹாலிவுட் ஓரினக் காதலர்களுக்கு. கறுப்புப் பின்னணி, மண்டை ஓடு, எரியும் எழுத்து எல்லாம் அந்த இசையின் கோலங்கள். மும்பை ரங் பவன் அரங்கில் இண்டிபெண்டன்ஸ் ராக் கச்சேரி கேட்கப் போன பையன்களின் டி-ஷர்ட்டில் இருந்ததும் அதுதான். வங்கி வேலைக்குப் போய்வந்த ஒரு மனிதர் ராத்திரியில் தன் இஷ்டத்துக்கு வாழ ஓர் இடம் கட்டிக்கொண்டார். அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

அந்த உலகத்தைப் பார்க்க, மாமாவின் பக்கத்திலேயே 'லிங்க்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும், அங்கிருந்து கிளம்புங்கள். கூகுள் பரவாத காலத்தில் ஜனங்கள் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குத்தான் போனார்கள். அடியில் 'வெப்ரிங்' என்ற பட்டை இருந்தால் இன்னும் நல்லது, ஒரே ருசி உள்ளவர்கள் கைகோத்து நின்ற வளையம் அது. வளையத்தின் பொத்தான்கள் இன்று வேலை செய்வது சந்தேகம். ஆனால் பேட்டை அவருக்குத் தெரிந்த பேட்டை. எண்ணை ஒன்று கூட்டியும் குறைத்தும் வேபேக்கில் இடுங்கள், அக்கம்பக்கத்து வீடுகள் திறக்கும். வந்தவர்கள் எழுதிவிட்டுப் போன விருந்தினர் புத்தகம் கிடைத்தால் மறக்காமல் சேமித்துவிடுங்கள்.

பக்கத்தில் இசைக் கோப்பு இருந்தால் பெயர் பெரும்பாலும் 'மிட்' என்று முடியும், மிடி என்ற வகை அது. இன்றைய பிரௌசர் அதைப் பாடாது. இறக்கி, மிடி வாசிக்கும் இலவச மென்பொருள் ஒன்றில் போடுங்கள். ரீஸ்டோரேட்டிவ்லேண்ட் என்ற தளம் பழைய பேட்டைகளைப் படங்களாக அடுக்கி வைத்திருக்கிறது, விபி என்ற தேடுபொறி பழைய பாணிப் பக்கங்களை மட்டும் தேடித் தரும். ஹாலந்துக் கலைஞர் ஒருவரும் பெல்ஜியக் கலைஞர் ஒருவரும் சேர்ந்து தொண்ணூறுகளில் செய்த ஜோடி என்ற தளத்தைப் பாருங்கள். திறந்தால் பச்சை எழுத்தில் கணினி பழுதானதுபோல இருக்கும். அதன் மூலநிரலைத் திறந்தால் எழுத்துகளாலேயே வரைந்த ஒரு வெடிகுண்டின் படம் இருக்கும். அந்தக் காலத்துக் குறும்பும் கோபமும் ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

நம் நாட்டில் 1954-லேயே சட்டம் போட்டார்கள். அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் கொல்கத்தா, சென்னை, மும்பை, டெல்லி நூலகங்களுக்குப் போக வேண்டும். ஒரு இந்தியன் இணையத்தில் கட்டியதை வைக்க மட்டும் ஒரு அலமாரி இல்லை. மும்பைக்காரர் எழுதிய தமிழ்க் கவிதையை அமெரிக்காவில் உள்ள ஒரு தர்ம ஸ்தாபனம் வைத்திருக்கிறது. எத்தனை கூட்டத்தில் சொல்லியாயிற்று. தலையாட்டுகிறார்கள், டீ வருகிறது, கோப்பு நகர்வதில்லை.

கடைசியாக அந்த ஹார்ட் டிஸ்க். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே போய் வாங்கி வாருங்கள். இணையத்தில் இருப்பது பிரதி. மாமா பக்கத்தைத் தயாரித்த மூலக் கோப்புகள், ஏற்றாமல் விட்ட கவிதைகள், அந்த ஃபான்ட் எல்லாம் டிஸ்க்கில் இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு வேறு பிரதி கிடையாது. பழைய டிஸ்க்கை யூஎஸ்பி-யில் சொருகும் இணைப்பான் சில நூறு ரூபாய்க்கு அதே லாமிங்டன் ரோடில் கிடைக்கும். மாட்டியதும் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எதையும் திறக்கும் முன் முழுசாக இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.