போர்டிங்கில் விட்ட நாய் இறந்துவிட்டது: வழக்கா, சமரசமா?

கேள்வி: தங்கை கல்யாணத்துக்காக எங்கள் லேப்ரடாரை கோவையில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு போர்டிங்கில் 3 இரவுக்கு விட்டோம். இரண்டாம் நாள் காலை 7 மணிக்கு, "போயிருச்சுங்க" என்று போன். இரவு 11 மணிக்கே வாந்தி எடுத்தது என்று அங்கே வேலை பார்க்கும் பையன் சொல்கிறான். கேட்கப்போனால் உரிமையாளர் மரியாதையில்லாமல் பேசினார், கழுத்துப் பட்டையைக்கூடத் தரவில்லை. 20,000 ரூபாய் தருகிறாராம். ஒரு மாதத்துக்கு முன் வயிற்றுக்கு மருந்து கொடுத்தது உண்மைதான், ஆனால் சரியாகிவிட்டது. தோட்டத்திலேயே புதைத்து 12 நாள் ஆகிறது. சும்மா விடக் கூடாது. என்ன செய்யலாம்?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மரியாதைப் பேச்சையும் கழுத்துப் பட்டையையும் மறந்துவிடுங்கள். உங்கள் வழக்கு என்பது இரவு 11 மணிக்கும் காலை 7 மணிக்கும் நடுவே உள்ள அந்த 8 மணி நேரம்தான்.

சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு பொருள். கோபப்படாதீர்கள், இங்கே அது உங்களுக்குச் சாதகம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி, ஒப்படைத்த பொருளை, விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் கவனிப்பதைப் போலக் கவனித்துக்கொள்ள வேண்டியது வாங்கி வைத்தவர் பொறுப்பு. கவனித்தேன் என்று காட்ட வேண்டியவரும் அவரே. ஈரோடு நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், 2 வருடம் அவகாசம் உண்டு. போலீஸுக்கு அலைய வேண்டாம். வேண்டுமென்றே கொன்றார் என்று நீங்களே சொல்லவில்லையே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்யாமல் புதைத்துவிட்டீர்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொண்டு இறந்திருந்தால், ராத்திரியே டாக்டரிடம் தூக்கிப்போகாதது பெரிய அலட்சியம். பழைய நோயில் இறந்திருந்தால் அவர் தப்பிவிடுவார். இரண்டில் எது என்று சொல்ல இன்று உங்களிடம் ஒரு காகிதமும் கிடையாது. அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோயிருக்க வேண்டும். 12 நாள் கழித்துத் தோண்டினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பெருந்துறைப் பக்கம் நான் வக்கீலாக வாதாடிய ஒரு வழக்கில், என் கட்சிக்காரர் இதே மாதிரி ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்தார். எதிர்த்தரப்பு, நாய் வரும்போதே சீக்கு என்று ஒரு டாக்டர் கடிதத்தை நீட்டியது. எங்கள் கையில் இருந்தது செல்போனில் எடுத்த ஒரு போட்டோ. அதோடு முடிந்தது.

இன்னொன்று, இதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். போர்டிங் படிவத்தில் 'ஏற்கெனவே நோய் உண்டா' என்று ஒரு கட்டம் இருந்திருக்கும். அதில் 'இல்லை' போட்டீர்களா? போட்டிருந்தால், வயிற்றுக்கு மருந்து கொடுத்த டாக்டரின் பதிவேடு எதிர்த்தரப்புக்கு வெல்லக்கட்டி. மறைத்தது நீங்கள் என்று குறுக்கு விசாரணையில் திருப்புவார்கள். 'எங்கள் சொந்தப் பொறுப்பில் விடுகிறோம்' என்ற வரியைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை, அதை எதிர்த்து வாதாடலாம். இந்தக் கட்டத்தை எதிர்த்து என்ன வாதாடுவது?

அந்தப் பையனை நம்பாதீர்கள். அங்கேயே சம்பளம் வாங்குகிறவன் கூண்டில் ஏறி முதலாளிக்கு எதிராகப் பேச மாட்டான். அவன் வாட்ஸ்அப்பில் ஏதாவது சொல்லியிருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். 2023 சாட்சிய சட்டத்தில் மின்னணு ஆதாரத்துக்கு என்று உள்ள 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்யலாம். கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழியும். நாளைக்கே ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் போடுங்கள்: அன்று இரவு 11 முதல் காலை 7 வரையிலான பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று. பிறகு இல்லை என்றால், அது அவருக்குத்தான் சங்கடம்.

நோட்டீஸ் போன பிறகு உட்கார்ந்து பேசுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 35,000 கேட்டு 30,000-க்கு முடிப்பேன், அதுவும் இல்லையென்றால் அந்த 20,000-த்தையே வாங்கிக்கொள்வேன். ஜெயித்தாலும் இதைவிட அதிகம் கிடைக்கும் என்று இந்த ஆதாரத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று, 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தந்தால் கதவு மூடிவிடும், அப்புறம் என்னிடம் வந்து பயனில்லை. பணம் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதுவரை கூகுளில் அவரைத் திட்டி எதுவும் எழுதாதீர்கள்.