துலூஸுக்குப் போகிறவர் பாரிஸ் பிரெஞ்சு பேசலாமா?

கேள்வி: சென்னையில் பிரெஞ்சு படித்து பி1 நிலை முடித்திருக்கிறேன். முதுநிலைப் படிப்புக்காக செப்டம்பரில் தெற்கு பிரான்சில் உள்ள துலூஸ் போகிறேன். அதற்கு முன் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் அடுத்த நிலையான பி2 எழுத வேண்டும். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது பாரிஸ் உச்சரிப்பு. துலூஸ்காரர்கள் பேசும் காணொலிகளைப் பார்த்தால் ரொட்டி 'பெங்' என்றும் நாளை 'தெமெங்' என்றும் காதில் விழுகிறது. எது சரியான உச்சரிப்பு? இப்போதே மாற்றிக்கொள்ள வேண்டுமா? தமிழ் வாடையோடு பேசினால் தேர்வில் மதிப்பெண் போகுமா?

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் கற்ற உச்சரிப்பிலேயே பேசுங்கள்; துலூஸ் பேச்சைக் காதுக்கு மட்டும் பழக்குங்கள். உச்சரிப்புக்கென்று ஒதுக்கும் நேரத்தில் பெரும்பகுதியை, தமிழ் நாக்கு பிரெஞ்சில் குழப்பும் சில ஒலிகளுக்குக் கொடுங்கள். துலூஸ்காரரின் 'பெங்' எந்தச் சொல்லின் பொருளையும் மாற்றுவதில்லை. நம்முடைய சில பழக்கங்கள் மாற்றிவிடுகின்றன.

முதலில் 'சரியான உச்சரிப்பு' எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1647இல் வோழ்லா என்ற இலக்கண அறிஞர், அரசவையின் சிறந்த பிரிவினர் பேசும் முறையே நல்ல வழக்கு என்று எழுதினார். அரசவை போன பிறகு அந்த இடம் பாரிஸின் படித்த வர்க்கத்துக்கு வந்தது. 1881, 1882ஆம் ஆண்டுகளின் ஜூல் ஃபெரி சட்டங்கள் பள்ளிக் கல்வியை இலவசமாக்கிக் கட்டாயமாக்கியபோது அந்த மொழி கிராமம் வரை போனது. பிறகு வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. இன்று மொழியியலாளர்கள் பாரிஸ் என்று ஊர்ப் பெயர் சொல்வதைவிட 'ஆதாரப் பிரெஞ்சு' என்று சொல்லவே விரும்புகிறார்கள். பேசுபவர் எந்த ஊர் என்று கேட்பவருக்குத் தெரியாதபடி இருக்கும் பேச்சு என்பதே அதற்கு நடைமுறை அடையாளம். லுவார் நதிக்கரையில் உள்ள தூர் நகரத்தில்தான் மிகச் சுத்தமான பிரெஞ்சு பேசுகிறார்கள் என்று இன்னும் பலர் சொல்வார்கள். அரசர்கள் அந்தப் பக்கத்து மாளிகைகளில் தங்கியிருந்த காலத்தின் பெருமை அது.

அகராதியும் பாரிஸும்கூட ஒன்றாக இல்லை. ல பெத்தி ரொபேர் அகராதியில் 'பழுப்பு' என்ற சொல்லுக்கும் 'ஓர் இழை புல்' என்பதில் வரும் 'இழை' என்ற சொல்லுக்கும் வெவ்வேறு மூக்கொலி, அதாவது மூக்கு வழியாக வரும் உயிரொலி, போட்டிருக்கும். பாரிஸில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். துலூஸில் இரண்டும் இன்றும் தனித்தனி. ஆக, இந்த ஒரு விஷயத்தில் அகராதிக்கு நெருக்கமானவர்கள் தெற்கத்திக்காரர்கள்தான். உங்கள் ஆசிரியர் மூன்று மூக்கொலி சொல்லிக்கொடுத்தாரா, நான்கா என்று யோசித்துப் பாருங்கள். மூன்று போதும்; நான்காவதை யாராவது சொன்னால் காதில் பிடித்துக்கொள்ளத் தெரிந்தால் சரி.

நான்கு மூக்கொலிகளும் அடங்கிய ஒரு சொற்றொடர் வகுப்புகளில் பழக்கம்: 'ஒரு நல்ல வெள்ளை ஒயின்'. ஆதாரப் பிரெஞ்சில் ஏறக்குறைய 'ஏன் போன் வேன் ப்லான்'. தமிழ் எழுத்தில் 'ன்' போட்டிருக்கிறேன், ஆனால் நாக்கு எங்கும் தொடக்கூடாது. உயிரொலி மூக்கு வழியாக வெளியேற வேண்டும், அவ்வளவுதான். துலூஸில் உயிரொலிக்குப் பின்னால் ஒரு மெய்யொலி ஒட்டிக்கொள்ளும். அது அடுத்து வரும் ஒலியைப் பொறுத்தது: 'ப' வந்தால் 'ம்' போலாகும், பேச்சு அங்கே நின்றுவிட்டால் 'ங்'. அதனால்தான் தனியாகச் சொன்ன ரொட்டி 'பெங்'. இந்த விதி தெரிந்துவிட்டால் துலூஸ் பேச்சின் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

மீதிப் பாதி ஊமை 'எ'. சொல் நடுவிலும் கடைசியிலும் எழுதப்படுகிற, உதட்டைச் சற்றுக் குவித்து மங்கலாகச் சொல்லும் ஒலி அது. 'சின்ன ஜன்னல்' என்பது பாரிஸில் வேகமாகப் பேசும்போது 'ப்தித் ஃப்னெத்ர்' என்று இரண்டே அசையில் முடிந்துவிடும். துலூஸில் 'பெ-தி-தெ ஃபெ-நெ-த்ரெ', ஆறு அசை. தெற்கின் பழைய மொழி ஆக்சிதான். அதைத் தாய்மொழியாகப் பேசியவர்கள் பிரெஞ்சைப் பெரும்பாலும் பள்ளியில், எழுத்து வழியாகக் கற்றார்கள், எழுதியதையெல்லாம் ஒலித்தார்கள். ஆக்சிதானிலும் சொல்லின் கடைசி உயிரொலி கேட்கும் என்பதால் அந்தப் பழக்கம் நிலைத்தது. நமக்கு இது உதவி. அசை அசையாகக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்குப் பாரிஸைவிடத் துலூஸ் எளிது. 'எனக்குத் தெரியாது' என்பதைப் புத்தகத்தில் 'ஜெ நெ ஸே பா' என்று படித்துவிட்டு, பாரிஸில் 'ஷே பா' என்று கேட்டுத் திகைப்பவர்கள்தான் அதிகம்.

வடக்கில் இந்த 'எ' எப்போது விழும், எப்போது விழாது என்பதற்கு ஒரு வழிகாட்டி உண்டு. விழுந்தால் மூன்று மெய்கள் ஒட்டிக்கொள்ளும் என்றால் பெரும்பாலும் விழாது. அதனால் சனிக்கிழமை 'ஸாம்தி' ஆகிறது. வெள்ளிக்கிழமை 'வான்த்ரெதி' அப்படியே நிற்கிறது. தேர்வில் 'ஸாமெதி' என்று முழுதாகச் சொன்னாலும் குறையில்லை.

உயிரொலிகளில் இன்னொரு வேறுபாடு: ரோஜாவை வடக்கே வாய் குவித்து 'ரோஸ்' என்பார்கள், துலூஸில் வாய் திறந்து 'ரொஸெ'. உள்ளங்கையும் ஆப்பிளும் அங்கே ஒரே சொல்லாகக் கேட்கும். சூழலில் புரிந்துவிடும். எழுத்தில்தான் கவனம் வேண்டும். 'பேசுவேன்', 'பேசியிருப்பேன்' போன்ற வினை முடிவுகளைத் துலூஸில் ஒரே 'ஏ' ஒலியில் சொல்வார்கள்; பாரிஸிலும் பலர் அப்படியே. காதை நம்பி எழுதினால் கடைசி எழுத்து தவறும். இலக்கணத்தை நம்பி எழுதுங்கள்.

இனி நம் பக்கம். தமிழில் க, த, ப மூன்றும் சொல்லின் நடுவில் தாமாகவே மென்மையாகிவிடும். பிரெஞ்சில் அந்த மாற்றம் வேறு சொல்லையே தந்துவிடும். கேக்குக்கும் பரிசுக்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'காதோ'தான், சிக்கலே அங்கேதான். கேக்கின் முதல் ஒலி 'காந்தி'யில் வருவது, நடு ஒலி 'பத்து'வில் வருவது. பரிசின் முதல் ஒலி 'கண்'ணில் வருவது, நடு ஒலி 'பந்து'வில் வருவது. கேக்கைச் சொல்லும்போது 'த்'தை இரட்டிப்பது போல் ஒரு கணம் அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். தமிழில் இரட்டித்த வல்லினம் மென்மையாவதில்லை என்பதால் ஒலி தானாக வந்துவிடும். பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பிரெஞ்சின் 'த' பல்லில் நாக்குப் படும் நம் 'த'தான். ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' போடுகிறோம். அதை விட்டாலே பேச்சு பிரெஞ்சுக்கு நெருங்கிவிடும்.

மீனுக்கும் நஞ்சுக்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்களில் வேறுபாடு நடுவில் வரும் ஸகரத்தில் மட்டும். மீனில் அது அதிர்வில்லாதது, நஞ்சில் அதிர்வுள்ளது. தொண்டையில் விரலை வைத்துச் சோதியுங்கள். 'அவர்களிடம் இருக்கிறது', 'அவர்கள் இருக்கிறார்கள்' என்ற இரண்டையும் பிரிப்பது இதே ஒலிதான். தமிழ்நாட்டு மாணவர்கள் பேச்சில் அதிகம் பொருள் மாறிப்போகும் இடம் இது என்பது என் கணிப்பு.

அடுத்து, 'இ' சொல்லும் நாக்கோடு 'உ' சொல்லும் உதடு. 'ஈ' என்று நீட்டிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவியுங்கள். இந்த ஒலி வராவிட்டால் 'மேலே' என்பதும் 'கீழே' என்பதும் ஒன்றாகிவிடும். வீடு பார்க்கும்போது எந்த மாடி என்று கேட்டால் என்ன ஆகும்!

மூக்கொலிக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. உங்கள் பேச்சுத் தமிழிலேயே இருக்கிறது. 'மரம்', 'பணம்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: கடைசியில் உதடு மூடுவதில்லை. அந்த முடிவு 'நல்ல' என்ற 'போன்' சொல்லின் ஒலிக்கு மிக அருகில் உள்ளது. 'வந்தான்' என்பதன் முடிவு 'வெள்ளை' என்ற சொல்லுக்கு, 'அவன்' என்பதைப் பேச்சில் முடிக்கும் விதம் 'ஒயின்' என்ற சொல்லுக்கு. மேடைத் தமிழ் போல் 'ன்', 'ம்' என்று தெளிவாக முடித்தால்தான் தவறு. ஆண்பால் 'நல்ல'வும் பெண்பால் 'நல்ல'வும் அந்த 'ன்' இருக்கிறதா இல்லையா என்பதில்தான் பிரிகின்றன. 'அவன் வருகிறான்', 'அவர்கள் வருகிறார்கள்' என்பதும் அப்படியே.

துலூஸ் பேச்சை நடிக்க முயல்பவர்கள் விழும் குழி ஒன்று. தெற்கில் கடைசி 'எ' எழுத்தில் இருந்தால்தான் ஒலிக்கும். கடல் 'மெர்', அம்மா 'மெரெ'. பாரிஸில் ஒன்றாகக் கேட்கும் இவை அங்கே இரண்டு. நாமோ மெய்யில் முடியும் சொல்லுக்கெல்லாம் ஒரு 'உ' சேர்க்கிறோம்: 'மெரு', 'அவெக்கு'. அது எந்த ஊர்ப் பிரெஞ்சும் இல்லை. அதேபோல், அந்த மங்கலான 'எ'யைத் தெளிவான 'ஏ' ஆக்கிவிட்டால் 'சாப்பிடுகிறேன்' என்பது 'சாப்பிட்ட' என்ற இறந்தகால வடிவமாகக் கேட்கும். அங்கே ஓர் ஆண்டு இருந்தால் சில 'எ'க்களும் சில 'ங்'குகளும் தாமாகவே உங்கள் பேச்சில் வந்து சேரும். வரட்டும். வலிந்து போட்டால் பாதிச் சொற்களில் தவறான இடத்தில் விழும். கிண்டல் செய்வதாகக்கூட எதிரில் இருப்பவருக்குத் தோன்றலாம். அந்த ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் மனம் புண்படக்கூடிய விஷயம். 2018இல் துலூஸ் உச்சரிப்பில் கேள்வி கேட்ட ஒரு செய்தியாளரிடம், 'யாராவது பிரெஞ்சில் கேள்வி கேளுங்கள்' என்ற தொனியில் பேசிய அரசியல் தலைவர் மெலான்ஷோன் கடும் கண்டனத்துக்கு ஆளானார். 2020 நவம்பரில், உச்சரிப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான மசோதாவைத் தேசியப் பேரவை முதல் வாசிப்பில் நிறைவேற்றியது. அப்போது பிரதமராக இருந்த ழான் காஸ்தெக்ஸே துலூஸை அடுத்த ழேர்ஸ் பகுதியின் உச்சரிப்போடு பேசுபவர்.

தேர்வுக்கு வருவோம். டெல்ஃப் பி2இல் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 50 எடுக்க வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக்கூடாது. பேச்சுத் தேர்வுக்கு 30 நிமிடத் தயாரிப்பு, சுமார் 20 நிமிடப் பேச்சு. அந்த 25இல் ஒலிக்கு ஒரு சிறு பங்குதான். வாதம், சொல்வளம், இலக்கணம்தான் பெரும்பகுதி. தேர்வுக்கு அடிப்படையான ஐரோப்பிய மொழிச் சட்டகத்தின் 2018 துணைத் தொகுதி, உச்சரிப்பு அளவுகோலைத் திருத்தி, தாய்மொழிக்காரரைப் போல் பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் கைவிட்டது. கேட்பவர் சிரமமில்லாமல் புரிந்துகொள்கிறாரா என்பதே இப்போது அளவு. நாக்கு நுனியால் நம் 'ர' போட்டால் மதிப்பெண் போகுமா என்று பலர் கவலைப்படுகிறார்கள். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் அப்படித்தான் பிரெஞ்சு பேசுகிறார்கள், புரிதல் கெடுவதில்லை. தொண்டை 'ர'வுக்குச் செலவிடும் உழைப்பை மீனுக்கும் நஞ்சுக்கும் செலவிடுங்கள்.

காதுப் பயிற்சிக்கு, செய்தி வாசிப்பவரைக் கேட்டுப் பயனில்லை. தெற்கிலும் அவர்கள் பெரும்பாலும் ஆதாரப் பிரெஞ்சில்தான் வாசிப்பார்கள். பிரான்ஸ் 3 தொலைக்காட்சியின் ஆக்சிதானிப் பகுதிச் செய்தியில் சந்தைக்காரர், விவசாயி, ரக்பி பயிற்சியாளர் ஆகியோரிடம் எடுக்கும் நேர்காணல்களைக் கேளுங்கள். தினம் இரண்டு நிமிடத் துண்டு போதும்: முதலில் வெறுமனே கேளுங்கள், இரண்டாம் முறை கேட்டதை எழுதுங்கள், மூன்றாம் முறை 'ங்' ஒட்டிய இடங்களையும் கடைசி 'எ' ஒலித்த இடங்களையும் வட்டமிடுங்கள். சமகாலப் பிரெஞ்சின் ஒலியியல் என்ற ஆய்வுத் திட்டம், பிஎஃப்சி என்று தேடினால் கிடைக்கும். அதில் பல ஊர்க்காரர்கள் ஒரே பத்தியைப் படித்த ஒலிப்பதிவுகள் உள்ளன. வடக்கத்திக்காரர் ஒருவரையும் தெற்கத்திக்காரர் ஒருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு ஒரே மாலையில் விளங்கும்.

பேச்சைச் சோதிக்க, கைபேசியின் குரல் தட்டச்சைப் பிரான்ஸ் பிரெஞ்சுக்கு மாற்றி, கேக்-பரிசு, மீன்-நஞ்சு, மேலே-கீழே ஆகிய இணைகளை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுங்கள். வாக்கியமாகச் சொன்னால் கருவி சூழலை வைத்து ஊகித்துச் சரியாகவே எழுதிவிடும். உங்கள் தவறு தெரியாமல் போய்விடும். ஒரே சொல்லை ஐந்து முறை சொல்லி நான்கு முறையாவது சரியாக விழுந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

கடைசியாக, துலூஸில் இறங்கியதும் காதில் விழப்போகிற மூன்று விஷயங்கள். கடைக்காரர் பை வேண்டுமா என்று 'பொஷ்' என்ற சொல்லால் கேட்பார். மற்ற இடங்களில் அது சட்டைப்பை. 'குறைவு' என்ற சொல்லின் கடைசி ஸகரத்தைச் சிலர் ஒலிப்பார்கள். சாக்லேட் வைத்த காலை ரொட்டியைச் 'ஷொகொலதீன்' என்று கேளுங்கள். பாரிஸ் பெயரைச் சொன்னாலும் கிடைக்கும், ஆனால் திருத்திவிட்டுத்தான் தருவார்கள்.