ஏழு வயதுக் குழந்தைக்குத் தியானம் பழக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. வகுப்பில் கவனம் சிதறுகிறது என்று ஆசிரியை சொன்னதால், தினமும் மாலையில் 15 நிமிடம் கண்ணை மூடி உட்கார வைக்கிறேன். இரண்டாவது நிமிடமே நெளியத் தொடங்கிவிடுகிறான். கடைசியில் அழுகையில்தான் முடிகிறது. இந்த வயதில் தியானம் பழக்கலாமா?

பதில்: தாராளமாகப் பழக்கலாம். ஆனால் 15 நிமிடக் கணக்கையும், கண்ணை மூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் இன்றே கைவிடுங்கள். கவனத்தை நிலைநிறுத்த உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருப்பதால், உங்கள் மகன் நெளிவதை அடம் என்று கொள்ள இடமில்லை. இரண்டு மூன்று நிமிடங்களே இப்போதைக்குப் போதும்.

முதலில் ஒலியிலிருந்து தொடங்குங்கள். வீட்டுப் பூஜை மணியை ஒரே ஒரு முறை அடித்து, ஓசை முழுவதும் அடங்கியதாகத் தோன்றும்போது கையைத் தூக்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் அமர்ந்து அதையே செய்யுங்கள். யார் முதலில் தூக்கினார்கள் என்ற போட்டி மட்டும் வேண்டாம். இது பழகிய பிறகு மூச்சுக்கு வரலாம். அவனை மல்லாந்து படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் ஒரு சிறு பொம்மையை வைத்து, அது ஏறி இறங்குவதைக் கண் திறந்தபடியே பார்க்கச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயல்பு என்பதால், பொம்மை மெதுவாக இறங்கும்படி நிதானமாக மூச்சை விடப் பழக்கலாம். மூச்சை அடக்கும் பயிற்சிகள் சிறுவர்களுக்கு வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அறவே கூடாது. இடையில் "வேற ஏதோ நினைச்சிட்டேன்மா" என்று அவன் சொன்னால் பாராட்டுங்கள். நினைப்பு விலகியதைத் தானே கண்டுகொண்டு திரும்புவதுதான் இதில் கற்க வேண்டிய பாடமே.

அவன் கோபத்தில் கத்தும்போது "போய் தியானம் பண்ணு" என்று அனுப்பிவிடாதீர்கள். ஒருமுறை தண்டனையாகிவிட்டால் பிறகு அவனுக்கு அதில் விருப்பம் வருவது மிகக் கடினம். அமைதியாக இருக்கும் வேளையில், உதாரணமாகத் தூங்கப் போகும் முன், பழக்குவதே நல்லது.

பலனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட பதின்பருவத் தொடக்க மாணவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளியாயின. மனநலத்தைப் பொறுத்தவரை, அங்கு வழக்கமாக நடக்கும் சமூக-உணர்வுக் கல்வியைவிட (உணர்வுகளைக் கையாளவும் பிறருடன் பழகவும் கற்றுத்தரும் வகுப்புகள்) தியான வகுப்புகள் கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவும் இல்லை. விருப்பமில்லாத குழந்தையை வற்புறுத்துவதால் பயனில்லை என்றே இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

ஆசிரியை சொன்ன கவனச் சிதறலுக்குத் தியானத்தை மட்டும் மருந்தாக நம்ப வேண்டாம். பார்வை, செவித்திறன், தூக்கம் ஆகியவற்றை முதலில் பரிசோதியுங்கள். வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதங்களுக்கு மேலாக இதே நிலை தொடர்ந்தால், குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பயிற்சியின்போது அவன் பயந்தாலோ, பழைய அச்சம் எதையேனும் சொல்லி அழுதாலோ, உடனே நிறுத்திவிட்டு அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.