விண்டோஸில் ரார், ஜிப் ஃபைலைத் திறக்கத் தனியாக மென்பொருள் போட வேண்டுமா?

பெங்களூரு அல்சூரில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். சிவகாசியிலிருந்து எனக்கு வரும் காலண்டர், பத்திரிகை டிசைன்கள் பாதிக்கு மேல் ஜிப்பாகவோ ராராகவோதான், அதாவது பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய மூட்டையாகத்தான் வரும்.

உங்களுடையது விண்டோஸ் 11 என்றால் பெரும்பாலும் தேவையில்லை. ஜிப்பை 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே எக்ஸ்புளோரர், அதாவது ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் விண்டோஸின் சொந்த மென்பொருள், திறந்தது. ரார், செவன் ஜிப், டார் என்ற மற்ற மூட்டை வகைகள் எல்லாம் 2023 கடைசியில் வந்த அப்டேட்டில்தான் சேர்ந்தன. பாஸ்வேர்டு போட்ட ரார் வந்தால் எக்ஸ்புளோரரோடு மல்லுக்கட்டாதீர்கள், இலவசமாகக் கிடைக்கும் செவன் ஜிப் என்ற அதே பெயருள்ள மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10 என்றால் ராருக்கு எப்படியும் அது வேண்டும்.

ஆனால் ஆட்கள் மாட்டிக்கொள்வது இதில் இல்லை. டபுள் கிளிக் செய்தால் ஜிப் சாதாரண ஃபோல்டர் மாதிரியே திறந்துகொள்கிறது பாருங்கள், அங்கேதான். உள்ளே இருக்கும் ஒரு ஃபைலைத் திறந்தால், விண்டோஸ் அந்த ஒன்றை மட்டும் டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில் நகலெடுத்துக் காட்டுகிறது. கூடவே இருக்கும் படங்கள் அதோடு போவதில்லை. டிசைனைத் திறந்ததும் 'படத்தைக் காணோம்' என்று வருவது இதனால்தான்.

நானும் பட்டிருக்கிறேன். ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை. ஜிப்புக்குள் இருந்தபடியே வேர்டு ஃபைலைத் திறந்து, சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். சேவ் கொடுத்தால் 'ரீட் ஒன்லி' என்று சொல்லி வேறு பெயர் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் எந்த ஃபோல்டர் என்று பார்க்காமல் என்டரைத் தட்டிவிட்டேன். காலையில் ஜிப்பைத் திறந்து அப்படியே பிரிண்ட் எடுத்தேன். வாங்கிப் பார்த்த பெரியவர், "என்ன தம்பி, மச்சான் பேரு இன்னும் தப்பாவே இருக்கே?" என்றார். டெம்ப்பைக் குடைந்து பார்த்தும் கிடைக்கவில்லை. அவரை உட்கார வைத்துக்கொண்டே திரும்ப அடித்தேன்.

அதனால் முதல் வேலை ஜிப் மேல் ரைட் கிளிக், 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்து எல்லாவற்றையும் வெளியே பிரித்து வைப்பது. அப்புறம் திறந்திருப்பது எது என்று சந்தேகம் வந்தால் மேலே அட்ரஸ் பாரைப் பாருங்கள். ஃபோல்டர் பெயர் '.ஜிப்' என்று முடிந்தால் இன்னும் மூட்டைக்குள்ளேதான் இருக்கிறீர்கள். மேக்கில் இந்தத் தொல்லை இல்லை, ஜிப்பை டபுள் கிளிக் செய்தாலே பக்கத்தில் பிரித்து வைத்துவிடும். ராருக்கு மட்டும் அங்கேயும் தனி மென்பொருள்தான்.