ஓடாத ‘ரன்’

கேள்வி: ‘ரன்’ என்றால் ஓடுதல் என்றே படித்தோம். ஆங்கிலத்தில் மூக்கும் வேட்பாளரும் ‘ரன்’ செய்வது எப்படி?

பதில்: கால்களின் ஓட்டத்தைக் குறித்த இச்சொல், இடைவிடாமல் நகரும் அல்லது நடக்கும் எதற்கும் பொருந்துமாறு விரிந்ததால், ஒழுகும் மூக்கு, சாயம் போகும் துணி, நடத்தப்படும் கடை ஆகிய யாவும் அதில் அடங்கிவிட்டன, ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இவ்வினைக்கு 600-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. தேர்தலில் ‘ரன்’ செய்வது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். நம்மவர்களும் தேர்தலில் நிற்கத்தானே செய்கிறார்கள்!

மரபுத்தொடர்களில்தான் கவனம் தேவை. ‘ரன் இன்டு’ என்பது, நண்பரைப் பற்றிய பேச்சானால் தற்செயலாக எதிர்ப்படுவதையும், மரத்தைப் பற்றியதானால் அதன்மீது மோதுவதையும் குறிக்கும். ‘ரன் ஆஃப் த மில்’ என்பதோ, தரம் பிரிக்கப்படாமல் ஆலையிலிருந்து வெளிவரும் சரக்கைச் சுட்டி, பின்னர் சாதாரணமான எதற்கும் வழங்கலாயிற்று.